எச்சில் பட்ட இருபதாயிரம்

நாட்டுக்கு எந்தக் காசு வேண்டும் என்று தலைநகர் டிலியில் படித்தவர்கள் மாதக்கணக்காகப் பேசிக்கொண்டிருந்தார்கள். மலியானா சந்தையில் நாங்கள் அதை ஒரே காலையில் பேசி முடித்தோம். ஓட்டுப் போட்டு இந்தோனேசியாவை விட்டுப் பிரிந்தாயிற்று. அவர்கள் ராணுவமும் கூலிப்படையும் போகிற போக்கில் ஊரைக் கொளுத்திவிட்டுப் போயாயிற்று. ஆனால் எங்கள் மடியில் இருந்தது இன்னமும் அவர்களுடைய ரூபியாதான். சர்ச்சில் ஜெபம் சொல்லித்தருகிற பெரியவர் முன்பு எங்களை ஆண்ட போர்த்துகல் காசே வரட்டும் என்றார். லாரிக்காரர்களுக்கு ஆஸ்திரேலியக் காசின் மேல் ஆசை. நான் மண்ணெண்ணெய் விற்கிறவன். எது வந்தாலும் சில்லறையாக வரட்டும் என்றேன். என் பேச்சை யார் கேட்டார்கள்?

"நமக்குன்னு ஒரு காசு வரட்டும். அதுவரைக்கும் அடுத்தவன் காசானாலும் பரவால்ல, அடிச்சவன் காசு வேண்டாம்," என்றாள் பக்கத்துக் கடை பெலிஸ்மினா.

அவள் கீரையும் பூண்டும் விற்பவள். ஊர் எரிந்த அந்த செப்டம்பரில் அவள் புருஷனை வீட்டு வாசலிலேயே வெட்டினார்கள். பதினொரு வயது மகள் தியோலிந்தாவை, ஓடுகிற கூட்டத்தோடு லாரியில் ஏற்றி எல்லைக்கு அந்தப் பக்கம் கொண்டுபோய்விட்டார்கள். ஒரு வருஷம் கழித்துத் துக்கத்தின் கறுப்பைக் கழற்றி விருந்து வைப்பது எங்கள் வழக்கம். மகள் வராமல் கழற்ற மாட்டேன் என்று இவள் கறுப்பிலேயே நடந்தாள். அவளிடம் யார் என்ன வாதாட முடியும்?

இனி டாலர்தான் அரசாங்கக் காசு என்று ஜீப்பில் ஒலிபெருக்கி கட்டிக்கொண்டு வந்து சொன்னபோது, இருந்த ரூபியாவை எல்லாம் கொட்டி முதலில் மாற்றியவள் அவள்தான். வெளிநாட்டார் அலுவலகத்தில் துணி துவைத்து டாலரில் கூலி வாங்கினாள். கடையிலும் டாலர்தான் கேட்டாள். ஒரு டாலருக்கு எவன் கீரை வாங்குவான்? வாங்கினாலும் மிச்சம் கொடுக்கச் சில்லறை கிடையாது. மிச்சத்துக்குப் பூண்டு கொடுத்தாள். "பூண்டு பேங்க் திறந்தாச்சா?" என்று போகிறவன் வருகிறவன் எல்லாம் கேட்டான்.

எதிர்வரிசையில் சோப்பும் சர்க்கரையும் விற்கிற எர்மீனியா மட்டும் ரூபியாவை விடவில்லை. அவள் சரக்கு எல்லைச் சந்தையிலிருந்து வருவது. அங்கே வேறு காசு செல்லாது. ஒருநாள் அவள் ஒரு கூடைப் பூண்டை எடுத்துக்கொண்டு இருபதாயிரம் ரூபியா நோட்டை நீட்டினாள். பெலிஸ்மினா வாயிலிருந்த வெற்றிலைச் சாற்றை அந்த நோட்டின் மேலேயே துப்பினாள்.

"என் புருஷனை வெட்டினவன் காசுக்கு இதுதான்க்கா மரியாதை."

எர்மீனியா பூண்டைக் கூடையோடு கீழே வைத்தாள். நோட்டை உதறிப் பையில் போட்டுக்கொண்டாள்.

"காஞ்சா காசுதான்டி," என்றாள். அதற்குப் பிறகு இருவருக்கும் பேச்சில்லை.

மூன்று மாதம் கழித்துப் பாதிரியார் மூலம் தகவல் வந்தது. தியோலிந்தா உயிரோடு இருக்கிறாள். எல்லைக்கு அந்தப் பக்கம் அத்தாம்புவா அகதி முகாமில் அவளுடைய அத்தை புருஷன் அகாபித்து வைத்திருக்கிறான். பட்டுகடே எல்லையில் சொந்தபந்தங்கள் சந்திக்கும் நாளில் கூட்டிவருவான். சோறு போட்ட செலவு ஆறு லட்சம் கொடுத்தால் மகள் அம்மாவோடு போகலாம். முகாமை அடுத்த வாரம் வேறு தீவுக்கு மாற்றப்போகிறார்கள் என்றும் பேச்சு. அதாவது, இந்த முறை விட்டால் விட்டதுதான்.

பெலிஸ்மினாவிடம் எழுபது டாலர் இருந்தது. அன்றைய விலைக்கு ஆறு லட்சம் ரூபியாவுக்குச் சரியாக வந்தது.

"அவன் எந்தக் காசு கேக்கறான்னு கேட்டியா?" என்றேன்.

"டாலர் உலகம் பூரா செல்லும்னு ஜீப்புக்காரங்க சொன்னாங்கல்லண்ணே?"

நான் அப்போதே அதட்டியிருக்க வேண்டும். அதட்டவில்லை. அந்த எரிச்சல் எனக்கு இன்றும் உண்டு.

எல்லாரும் ஒரே லாரியில் போனோம். சரக்கு வாங்க எர்மீனியாவும் வந்தாள். பட்டுகடேயில் கடற்கரை ஓரமாகக் கயிறு கட்டியிருந்தார்கள். இந்தப் பக்கம் நீலத் தொப்பி போட்ட வெளிநாட்டு அமைதிப் படையினர், அந்தப் பக்கம் இந்தோனேசியச் சிப்பாய்கள். நண்பகலில் விசில் ஊதினால் அவரவர் பக்கம் திரும்பிவிட வேண்டும். கயிற்றுக்கு அந்தப்புறம் அகாபித்து நின்றான். பக்கத்தில் தியோலிந்தா, கழுத்தெலும்பு துருத்திக்கொண்டு. அவள் மணிக்கட்டு அவன் பிடியில் இருந்தது.

பெலிஸ்மினா கொண்டையை அவிழ்த்து டாலர்களை எடுத்தாள். ரூபியாவை எங்கள் பெண்கள் எப்போதும் அப்படித்தான் எட்டாக மடித்துக் கொண்டையில் செருகுவார்கள். இதையும் அப்படியே செருகியிருந்தாள். தேங்காய் எண்ணெயும் வியர்வையும் ஏறிக் கிடந்தது.

அகாபித்து ஒரு நோட்டை விரித்துப் பார்த்துச் சிரித்தான்.

"என்ன தங்கச்சி இது? மடிப்பு விழுந்த டாலரை எங்க ஊர்ல ஒருத்தனும் தொட மாட்டான். ரூபியா கொண்டா."

"அண்ணே, இது நல்ல காசுண்ணே. நான் துவைச்சு சம்பாதிச்சது."

"உன் நாட்டுல நல்ல காசு. ரூபியா இருந்தா பேசு, இல்லன்னா நாங்க கிளம்பறோம்."

சத்தம் போட்டால் தியோலிந்தாவை இழுத்துக்கொண்டு போய்விடுவான். கயிற்றுக்கு அப்பால் எந்தத் தொப்பிக்கும் அதிகாரம் இல்லை. வெயில் தலைக்கு நேரே வந்துகொண்டிருந்தது. என் மடியில் பதினைந்தாயிரம்தான் இருந்தது.

பெலிஸ்மினா திரும்பினாள். பத்தடி தள்ளி, சோப்புக் கட்டுகளுக்கு விலை பேசிக்கொண்டிருந்தாள் எர்மீனியா. இவள் போய் முன்னால் நின்றாள்.

"என்னடி?"

"அக்கா... ரூபியா."

"எனக்குக் காது கேக்கல."

"ரூபியா குடுக்கா. எம் புள்ளக்கா!"

எர்மீனியா அவளை ஒரு மூச்சு நேரம் பார்த்தாள். பிறகு சரக்கு வாங்க வைத்திருந்த பையை அப்படியே அவள் கையில் திணித்தாள். "அழுகையெல்லாம் அப்புறம். எண்ணு, சீக்கிரம் எண்ணு!"

மூன்று பேரும் மணலில் உட்கார்ந்து எண்ணினோம். ஐந்து லட்சத்து அறுபத்தைந்தாயிரம். என் பதினைந்தைப் போட்டேன். பையின் அடியில் ஒரே ஒரு நோட்டு மிச்சம். நடுவில் காய்ந்த சிவப்புக் கறையோடு, அதே இருபதாயிரம். பெலிஸ்மினா அதைப் பார்த்தாள், கட்டின் நடுவில் வைத்தாள், ஓடினாள்.

அகாபித்து எச்சில் தொட்டு எண்ணினான். கறை வந்ததும் விரல் நின்றது.

"இது என்ன, ரத்தமா? ரத்தம் பட்ட காசு எனக்கு வேண்டாம். வேற நோட்டு குடு."

வேறு இல்லை. படையினன் ஒருவன் விசிலை வாயருகே கொண்டுபோனான். தியோலிந்தா முதல்முறையாக "அம்மா" என்றாள்.

"ரத்தம் இல்லண்ணே. வெத்தலை. நான்தான் துப்பினேன்," என்றாள் பெலிஸ்மினா. நோட்டை அவன் கையிலிருந்து பிடுங்கி, இரு பக்கச் சிப்பாய்களும் பார்க்க, நாக்கால் நக்கினாள். தன் கறுப்புத் துணியில் வைத்துத் தேய்த்தாள். மறுபடி நக்கினாள், தேய்த்தாள். உதடு சிவந்தது. கறைக்கு அடியிலிருந்து எழுத்து வெளியே வந்தது. ஈரத்தோடு அவனிடம் நீட்டினாள்.

அவன் முகம் சுளித்தான்.

"வாங்குடா!" என்று என் பின்னாலிருந்து எர்மீனியா போட்ட சத்தத்தில் கயிறே நடுங்கியிருக்கும். "காஞ்சா காசுதான்!"

சுற்றியிருந்த பெண்கள் எல்லாரும் அவனைப் பார்த்தார்கள். இரண்டு விரலால் வாங்கிக்கொண்டு மணிக்கட்டை விட்டான். விசில் ஊதும்போது தியோலிந்தா கயிற்றுக்கு இந்தப்புறம் நின்றாள்.

திரும்பும்போது லாரியில் எர்மீனியாவுக்குச் சரக்கு இல்லை. எண்ணெய் பிசுபிசுத்த டாலர்கள்தான் அவள் மடியில். மகள் அம்மாவின் மடியில் தூங்கிவிட்டாள்.

எர்மீனியா வெற்றிலைப் பையைத் திறந்து, பாக்கும் சுண்ணாம்பும் வைத்து ஒன்றை மடித்து நீட்டினாள்.

"இந்தா, போடு. இதையாவது வெளிய துப்பு."

பெலிஸ்மினா வாங்கி வாயில் போட்டாள். மென்றாள். பிறகு எர்மீனியாவின் தோளில் சாய்ந்து, புருஷன் செத்த அன்றுகூட அழாத அழுகையை அழுதாள்.