எதிர்ப்பக்கத்து அக்கா

பேருந்தில் பக்கத்தில் உட்காரப் போன என்னைத் தலை முதல் கால் வரை ஒரு பார்வை பார்த்துவிட்டு, “எண்பத்தாறு கிலோ இருப்பீங்க. எதிர்ப்பக்கம் போங்க” என்றார் ஓர் அக்கா. எனக்குச் சுருக்கென்றது. பிறகு எடை பார்த்தேன். தோள்பையோடு சேர்த்து எண்பத்தாறேதான்.

ஏரிக்கரைப் பூங்காவில் முப்பத்தொரு வருடம் குதிரை ராட்டினம் ஓட்டியவர். ஊரே எதிர்ப்பக்கத்து அக்கா என்றுதான் கூப்பிடுகிறது. பூங்காவுக்கு நூறு வயதுக்கு மேல். முதல் ராட்டினத்தை நிஜக் குதிரை சுற்றிச்சுற்றி இழுத்ததாம். நீராவியில் ஓடிய இரண்டாவது, ஒரு கோடையில் தீப்பிடித்துச் சாம்பலானது. மூன்றாவதுதான் அக்காவுடையது. மின்சாரத்தில் ஓடியது, இருபத்துநாலு மரக்குதிரைகள். அதன் மேடை தரையில் நிற்காது. நடுத்தூணிலிருந்து இரும்புக் கம்பிகளில் தொங்கும். ஒரு பக்கம் கனத்தால் சாயும், சாய்ந்தால் அடியில் உரசும். அதனால் குண்டு மாமா ஒருவர் ஏறினால் அக்கா எதிர்ப்பக்கம் இரண்டு சித்திகளை ஏற்றிவிடுவார். புதுமணத் தம்பதியைக்கூட ஈவிரக்கமில்லாமல் பிரித்து உட்காரவைத்திருக்கிறார். “இறங்கினப்புறம் ஒட்டிக்கங்க” என்பாராம்.

வீட்டிலும் இதே கூத்துதான். கொடியின் இந்தக் கோடியில் ஒரு போர்வை காய்ந்தால் அந்தக் கோடியிலும் ஒன்று காய வேண்டும். அழுக்காக இல்லாவிட்டாலும் அதையும் நனைத்துப் போடுவார். வெளியூரிலிருந்து வரும் மகள் தலையில் அடித்துக்கொள்வாள்.

போன மாதம் ஏரிக்கரைப் பூங்கா கைமாறியது. புது முதலாளி இடத்தைக் காலி செய்யச் சொல்லிவிட்டார். வேறொரு ஊர்ப் பூங்காக்காரர் ராட்டினத்தை முழுசாக எடுத்துக்கொள்வதாகவும், ஓட்டுவதற்கு அக்காவே வரட்டும் என்றும் சொல்லியிருந்தார். திங்கட்கிழமை வந்து அது சுற்றுவதைப் பார்ப்பதாகப் பேச்சு. அக்கா பெட்டியே கட்டிவிட்டார்.

வியாழக்கிழமை ஒரு ஓட்டல்காரர் வந்து, முன்கூடத்தில் வைக்க ஒரே ஒரு குதிரை கேட்டார். பூங்கா மேலாளர் மறுத்தார். ஒன்றைக் கழற்றினால் மேடை சாயும், திங்களன்று ஓட்டிக் காட்ட முடியாதே. பக்கத்தில் நின்ற அக்கா, “எதிர்ப்பக்கத்துல இன்னொண்ணையும் கழட்டிடுங்க சார், சாயாது” என்றார்.

முப்பத்தொரு வருடத் தொழில்புத்தி. மேலாளரின் முகம் மலர்ந்தது. இரண்டும் போயின. இன்னும் இருபத்திரண்டு இருக்கிறதே என்று மறுநாள் இன்னொரு ஜோடி. திங்கட்கிழமை வருகிறவரை நம்பி வாசலில் நிற்கிறவரை விடுவானேன் என்று அடுத்த ஜோடி. ஞாயிறு மாலைக்குள் ராட்டினம் மொட்டை. கடைசி ஜோடியில் ஒன்றுக்குக் காலில் விரிசல்; அதை மட்டும் யாரும் சீந்தவில்லை. திங்களன்று வந்த வெளியூர்க்காரர் வெறும் மேடையைப் பார்த்துவிட்டு, தண்ணீர்கூடக் குடிக்காமல் திரும்பிப் போனார்.

தவளை தன் வாயால் கெடும் என்பார்கள். அக்காவை அப்படிச் சொல்ல எனக்கு மனசு வரவில்லை. அவரே சொல்லிக்கொள்கிறார்: “யாரும் என்னைக் கேக்கலை. கேக்காமலே சொன்னேன். சும்மா இருந்திருந்தா இந்நேரம் சுத்திக்கிட்டிருக்கும்.”

இல்லை அக்கா என்று ஆறுதல் சொல்லத்தான் ஆசை. அவர் சொல்வது உண்மையாயிற்றே.

வேலை போன பிறகும் தினம் அதே பேருந்தில் பூங்காவுக்குப் போய்வருகிறார். நேற்று நானும் கூடப் போனேன். பூங்காவின் தண்ணீர்க் குழாய் அடியில் புல் முளைத்திருந்தது. மேடையில் அந்த விரிசல்கால் குதிரை மட்டும். அதன் பக்கம் மேடை இரண்டு விரற்கடை சாய்ந்திருந்தது. “அதுவும் நானும் ஒரே எடை” என்றபடி அக்கா செருப்பைக் கழற்றிவிட்டு, மறுபக்கம் சுற்றிப் போய் ஏறி, முழங்காலைக் கட்டிக்கொண்டு பலகையில் உட்கார்ந்தார். கம்பிகள் முனகின. மேடை மெல்ல மட்டத்துக்கு வந்தது.

மனசு கேட்காமல் அவர் பக்கத்தில் போய் உட்காரலாம் என்று நானும் காலைத் தூக்கி வைத்தேன். திரும்பிக்கூடப் பார்க்காமல், வேண்டாம் என்று கையை நீட்டித் தடுத்தார்.