காட்டு மரத்துக்கு வைத்த பொட்டு

மனிதர்களை ஓர் இடத்துக்கு அழைத்துப் போவது எளிய தொழில்; போன அத்தனை பேரையும் திரும்ப அழைத்து வருவதற்குத்தான் சம்பளம். சொந்தக்காரர்கள் பத்துப் பேரைப் பத்துமலை முருகன் கோயிலுக்குக் கூட்டிப் போய், ரயில் நிலையத்தில் நின்று தலைகளை எண்ணிப் பார்த்து, ஒன்பது வந்ததும் மறுபடி எண்ணியிருக்கிறீர்கள் அல்லவா? அப்படியானால் நீங்களும் என் கட்சிதான்.

மலாயாவுக்குச் சுதந்திரம் வந்து சில ஆண்டுகள் ஆகியிருந்தன. காட்டுக்குள் கம்யூனிஸ்டுகளோடு சண்டை நடந்த அவசரகாலமும் முடிந்து, காடு என்றாலே துப்பாக்கி என்ற நினைப்பு மெல்லக் கலைந்துகொண்டிருந்தது. மலாக்காவில், காஜா பெராங் பகுதியில், மூன்று பேருந்துகள் வைத்திருந்த ஒருவரிடம் நான் வேலை செய்தேன். முதலில் டிக்கெட் கிழித்தேன். பிறகு கோயில் யாத்திரைகளுக்கு ஆள் சேர்த்தேன். பகாங்கில் இருக்கும் பெரிய காட்டுப் பூங்காவுக்கு நடைப்பயணம் கூட்டிப் போகலாம் என்ற யோசனை என்னுடையது. முதலாளி இரண்டு மாதம் தள்ளிப்போட்டார். பிறகு ஒருநாள் கூப்பிட்டார்: "ஒரு தடவை போய்ட்டு வா. காட்டு ஆபீஸ்காரன் மறுபடியும் வரலாம்னு சொன்னா, இந்த வேலை உனக்கு. வேணாம்னு சொல்லிட்டா, டிக்கெட் புத்தகம் இந்தா மேசைமேலேயே இருக்கு."

இரண்டு மூட்டை

எட்டுப் பேர் சேர்ந்தார்கள். ஐவர் புக்கிட் பாருவில் குடியிருந்த பள்ளி ஆசிரியர்கள். சொன்ன நேரத்துக்கு வந்து, சொன்னதைச் செய்தவர்கள். ஆகவே அவர்களைப் பற்றி எழுத ஒன்றுமில்லை. மற்ற மூவரில் ஒருவர் அஞ்சலை அக்கா. உஜோங் பாசிரில் பலகாரக் கடை வைத்திருந்தார். இன்னொருவர் அவருடைய கணவர் ரங்கசாமி அண்ணன். நகரத் தண்ணீர்க் குழாய்ப் பிரிவில் வேலை. மூன்றாமவர் கம்போங் செட்டியைச் சேர்ந்த பிள்ளை என்பவர். சுங்க அலுவலகத்தில் இருந்து ஓய்வு பெற்றவர். கோயில் பூசைக்குத் தவறாதவர், ஆனால் தமிழ் பேச வராது. அவருக்கு வீட்டு மொழி, பல தலைமுறைகளாக மலாக்காவில் வாழும் செட்டி மக்களின் மலாய். அவர் சொன்னதையெல்லாம் இங்கே நான் தமிழில் தருகிறேன்.

ஒருவருக்கு ஒரு பை என்று தாளில் எழுதியே கொடுத்திருந்தேன். அஞ்சலை அக்கா இரண்டு பைகளோடு வந்து நின்றார். இரண்டாவதைத் திறக்கச் சொன்னேன். மஞ்சள் தூள், குங்குமம், கற்பூரம், ஒரு டஜன் எலுமிச்சம்பழம். "அக்கா, நாம கோயிலுக்குப் போகலை, காட்டுக்குப் போறோம்" என்றேன்.

"தெரியாமயா தம்பி? கோயில்னா அங்கேயே எல்லாம் இருக்கும். காட்டுல யாரு வச்சிருப்பா?"

ஐந்து மணி

தம்பின் வரை பேருந்து, அங்கிருந்து கிம்மாசுக்கு ரயில், கிம்மாசில் இறங்கி வேறு ரயில். விடியற்காலை தெம்பெலிங்கில் இறங்கி, மோட்டார் பொருத்திய நீளப் படகில் ஆற்றை எதிர்த்துப் போனால் முகாமை அடையப் பிற்பகலாகிவிடும். அங்கே எங்களை வரவேற்றவர் காட்டு ஆபீஸின் மலாய் ரேஞ்சர். ஒல்லியான மனிதர், குரலை உயர்த்தாதவர். எதிரே ஒரு பதிவேட்டை விரித்து வைத்துக்கொண்டு விதிகளைச் சொன்னார். பாதைகளில் மார்பு உயரத்தில் மரங்களுக்குச் சிவப்புச் சாயம் பூசியிருக்கும். அதைப் பார்த்துத்தான் நடக்க வேண்டும். சாயம் கண்ணில் படாமல் போனால், நின்ற இடத்திலேயே உட்கார்ந்துவிட வேண்டும். மாலை ஐந்து மணிக்குள் எல்லோரும் முகாமில் இருக்க வேண்டும். திரும்பிய நேரத்தைக் குழுத் தலைவர் தன் கையாலேயே எழுதிக் கையெழுத்துப் போட வேண்டும். "காடு பெரிது. என்னிடம் இருப்பது நான்கு ஆட்கள். ஐந்துக்கு மேல் ஒருவர் வெளியே இருந்தாலும் உங்கள் முதலாளிக்கு அடுத்த அனுமதி கிடையாது" என்றார்.

எனக்கு டிக்கெட் புத்தகம் கண்முன் வந்து போனது. எட்டுப் பேருக்கும் ஒவ்வொரு விதியாக விளக்கினேன். ரங்கசாமி அண்ணன் கவனமாகக் கேட்டுத் தலையாட்டினார்.

"எங்க குழாய்ப் பிரிவுலயும் சிவப்புச் சாயம்தான் தம்பி. ஆனா அங்க சிவப்பைப் பார்த்தா நிக்கணும், இங்க நடக்கணும். அவ்வளவுதான் வித்தியாசம்."

அட்டை

முதல் நாள் ஆற்றோரமாக ஒரு மணி நேர நடை. அட்டைக்கு என்ன செய்வது என்பதில் எட்டுப் பேருக்கும் எட்டுக் கருத்து. ஆசிரியர்கள் காலுறையில் சோப்பைத் தேய்த்தார்கள். அஞ்சலை அக்கா வெற்றிலைக்கு வைத்திருந்த சுண்ணாம்பைக் கணுக்காலில் பூசிக்கொண்டார். பிள்ளை மட்டும் எதுவும் பூசவில்லை. கஞ்சி போட்ட வெள்ளைக் கால்சட்டை, பளபளக்கும் தோல் சப்பாத்து. கால்சட்டையின் அடிப்பாகத்தை நூலால் இறுகக் கட்டியிருந்தார். ஓர் எறும்புகூட உள்ளே வர முடியாது என்றார்.

முகாமுக்கு வந்து நூலை அவிழ்த்தபோது பதினொரு அட்டைகள் விழுந்தன. பிள்ளை ஒவ்வொன்றையும் குச்சியால் தள்ளி வரிசையாக வைத்து எண்ணினார். அவருக்குக் கோபமே இல்லை, மதிப்புதான் தெரிந்தது.

"முப்பது வருடம் சுங்கத்தில் இருந்தேன். இவ்வளவு சத்தமில்லாமல் எல்லை தாண்டிய சரக்கை நான் பார்த்ததே இல்லை."

முதல் மரம்

இரண்டாம் நாள்தான் உண்மையான நடை. காட்டுக்குள் ஒரு குன்றின் உச்சிவரை போய், அதே வழியில் திரும்ப வேண்டும். அஞ்சலை அக்கா ஜாசின் பக்கத்துத் தோட்டம் ஒன்றில் பிறந்து வளர்ந்தவர். அவருக்குத் தெரிந்த காடு பால்மரக் காடு, அதாவது ரப்பர்த் தோட்டம். இந்தக் காட்டுக்குள் பத்தடி வைத்ததும் நின்று, மேலும் கீழும் பார்த்தார். "பால்மரம்னா பள்ளிக்கூடத்துப் பிள்ளைங்க மாதிரி வரிசையா நிக்கும். இதுங்க என்ன தம்பி, சந்தைக்கு வந்த மாதிரி நிக்குதுங்க?" என்றார்.

தோட்டத்தில் ஒரு வழக்கம் உண்டு. புதிதாக எந்த இடத்துக்கு வேலைக்குப் போனாலும், அங்கே இருப்பதில் பெரிய மரத்தடியில் மஞ்சள் பூசிக் குங்குமம் வைத்து, முனியாண்டியிடம் சொல்லிவிட்டுத்தான் பால் வெட்டும் கத்தியை எடுப்பார்கள். அக்கா அதையே இங்கும் செய்தார். தண்ணீரில் குழைத்த மஞ்சளை மரத்தில் அப்பி, நடுவில் குங்குமத்தை அழுத்தி வைத்தார். ஒரு பழத்தை அறுத்து வேரடியில் வைத்தார். கற்பூரம் ஏற்ற மட்டும் நான் விடவில்லை. பொட்டுத்தானே, என்ன கெட்டுவிடப் போகிறது என்று இருந்துவிட்டேன். நேரமாகிறது என்று சொன்னதற்குத்தான் அக்காவிடமிருந்து பதில் வந்தது.

"உள்ள வர்றோம்னு சொல்லிட்டு வரணும்ல தம்பி? ரேஞ்சர்கிட்ட நீங்க சொன்னீங்க. இவங்ககிட்ட யாரு சொன்னது?"

பின்னாலேயே வர்றோம்

வழியில் பாதை இரண்டாகப் பிரியும் இடத்தில் உட்கார்ந்து சோற்றுப் பொட்டலங்களைப் பிரித்தோம். வலப்பக்கப் பாதைதான் எங்களுடையது. இடப்பக்கம் ஓர் ஓடைக்குப் போகும் ஒற்றையடித் தடம். கை கழுவ அஞ்சலை அக்கா அந்தப் பக்கம் போனார். வர நேரமாயிற்று. திரும்பி வந்தபோது, "அங்கே மூணு பெரிய மரம் தம்பி. ஒவ்வொண்ணுக்கும் சுவர் மாதிரி வேரு" என்று மகிழ்ச்சியாகச் சொன்னார். மூன்று மரத்துக்கும் என்ன செய்திருப்பார் என்று அப்போதே கேட்டிருக்க வேண்டும். நான் கேட்கவில்லை.

உச்சியில் அரை மணி நேரம் இருந்தோம். தூரத்தில் நீல மலைகள், அதுவரைக்கும் காடு, காட்டின்மேல் துண்டு துண்டாக மேகம். இறங்கும்போது ரங்கசாமி அண்ணனுக்கு முழங்கால் பிடித்துக்கொண்டது. பிள்ளை அவருக்குத் தோள் கொடுத்தார். இருவரும் கடைத்தெருவில் எல்லோரும் பேசும் சந்தை மலாயில் ஏதோ பேசிக்கொண்டு மெல்ல வந்தார்கள். மற்றவர்கள் முன்னால் போய்க்கொண்டிருந்தார்கள். யாரோடு நடப்பது என்று நான் தயங்கியபோது ரங்கசாமி அண்ணன் கையசைத்தார். ஆள் அழைத்துப் போகிற நண்பர்களே, எந்த வாக்கியத்தை நம்பினாலும் நம்புங்கள், இதை மட்டும் நம்பாதீர்கள்:

"நீங்க போங்க தம்பி, நாங்க பின்னாலேயே வர்றோம்."

ஆறு தலை

நான்கு மணி ஐந்து நிமிடத்துக்கு முகாமை அடைந்தோம். எண்ணினேன், ஆறு. பத்து நிமிடம் பாதையையே பார்த்துக்கொண்டு நின்றேன். மறுபடி எண்ணினேன், அப்போதும் ஆறுதான். ரேஞ்சரிடம் சொல்லாமல் நானே ஓடிப்போய் அழைத்து வந்துவிடலாமா என்று நினைத்தேன். ஐந்துக்குள் முடிந்தால் யாருக்கும் தெரியாது, அனுமதியும் போகாது. ஆனால் வேறு தடத்தில் போயிருந்தால் எனக்கு இந்தக் காட்டில் என்ன தெரியும்? அவருடைய அறைக்குப் போய்ச் சொன்னேன். அவர் கடிகாரத்தைப் பார்த்தார், தொப்பியை எடுத்துக்கொண்டார்.

புறப்படும்போது அஞ்சலை அக்கா படிக்கட்டில் உட்கார்ந்திருந்தார். முந்தானையைக் கையில் முறுக்கிக்கொண்டே இருந்தார். "பயப்படாதீங்க அக்கா" என்றேன்.

"சாமி கூட்டிட்டு வந்துடும் தம்பி. இருந்தாலும் நீங்களும் ஒரு எட்டுப் போயிட்டு வந்துடுங்க."

சாயம்

ரேஞ்சர் நடந்த வேகத்துக்கு நான் ஓட வேண்டியிருந்தது. இருபது நிமிடத்தில் பாதை பிரியும் இடம் வந்தது. வலப்பக்க மரத்தில் காட்டு ஆபீஸ் பூசிய சிவப்புச் சாயம் இருந்தது. இடப்பக்கம், ஓடைக்குப் போகும் தடத்தில், மஞ்சள் காய்ந்து பட்டையோடு கலந்துவிட, அதைவிடப் பளிச்சென்று இன்னொரு சிவப்பு. உச்சியிலிருந்து இறங்கி வருகிறவர்களுக்கு முதலில் கண்ணில் படுவது அதுதான். மார்பு உயரம்கூடச் சரியாக இருந்தது. அது அக்காவின் குங்குமம்.

ரேஞ்சர் அந்த மரத்தருகே போய் ஒரு விரலால் தொட்டார். விரலை மூக்கருகே கொண்டுபோனார். பிறகு அந்தச் சிவந்த விரலை என் முகத்துக்கு நேரே நீட்டினார்.

"எங்கள் சாயம் கையில் ஒட்டாது."

மூன்றாவது மரம்

இரண்டாவது பொட்டைத் தாண்டி, மூன்றாவது பொட்டு வைத்த மரத்தடியில், இரண்டு வேர்ச்சுவர்களுக்கு நடுவே இருவரும் உட்கார்ந்திருந்தார்கள். ரங்கசாமி அண்ணன் முழங்காலை நீட்டியிருந்தார். பிள்ளை இலையால் அவருக்கு விசிறிக்கொண்டிருந்தார். மணி ஐந்துக்குப் பத்து நிமிடம். இருவரும் நலம் என்பதில் எனக்கு மூச்சு வந்தது. அந்த முழங்காலோடு ஐந்துக்குள் முகாம் போய்ச் சேர முடியாது என்பதில் அந்த மூச்சு மறுபடி நின்றது.

ஏன் இந்தப் பக்கம் வந்தீர்கள் என்று கேட்டேன். பிள்ளை அதை அரசாங்கத்துச் சாயம் என்று நினைத்திருக்கிறார். நான்காவது சாயம் தென்படாததால், விதிப்படி நின்ற இடத்திலேயே உட்கார்ந்துவிட்டார். அவர்மேல் ஒரு குற்றமும் சொல்ல முடியாது. ஆனால் ரங்கசாமி அண்ணனுக்குப் பொட்டுக்கும் சாயத்துக்கும் வித்தியாசம் தெரியாதா?

"தெரியாம என்ன தம்பி? முதல் மரத்துலயே இது நம்ம வீட்டுப் பொட்டுன்னு தெரிஞ்சுபோச்சு. அவ இப்படித்தான் போயிருக்கான்னு நினைச்சுத்தானே பின்னாலேயே வந்தேன்!"

பதிவேடு

ஒரு பக்கம் ரேஞ்சரும் ஒரு பக்கம் நானுமாக ரங்கசாமி அண்ணனைத் தாங்கிக்கொண்டு வந்தோம். அஞ்சலை அக்கா ஓடி வந்து கணவரைத் தலையிலிருந்து கால்வரை பார்த்தார். "கண்ணு தெரியாத மனுசனா நீங்க? இறங்கும்போது நான்தான் அந்தப் பக்கமே வரலையே!" என்று சத்தம் போட்டார். பிறகு முந்தானையால் அவருடைய முகத்தைத் துடைத்தார்.

ரேஞ்சர் பதிவேட்டை என் பக்கம் திருப்பிப் பேனாவை அதன்மேல் வைத்துவிட்டு, ஜன்னல் பக்கம் போய் விரலில் இருந்த குங்குமத்தைத் துடைக்கத் தொடங்கினார். என்னைப் பார்க்கவில்லை. நேரம் எழுத வேண்டிய கட்டம் காலியாக இருந்தது. ஐந்துக்குள் ஒரு பொய் நேரத்தை எழுத மூன்று எண் போதும். ஐந்து முப்பத்தைந்து என்று எழுதினேன். தாமதத்துக்குக் காரணம் என்ற கட்டத்தில், மலாயில், "மரங்களுக்கு மரியாதை செய்தது, தலைவர் முன்னால் நடந்தது" என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன்.

அவர் வந்து படித்தார். இரண்டாவது காரணத்தை இன்னொரு முறை படித்தார். அனுமதிப் புத்தகத்தை இழுத்தார். ரத்து செய்யப் போகிறார் என்று நினைத்தேன். எங்கள் முதலாளியின் பெயருக்கு நேரே, அடுத்த பயணத்துக்கான கட்டத்தில், முத்திரையைக் குத்தினார்.

"அடுத்த முறை அந்த அக்கா கடைசியில் நடக்கட்டும். அவருக்கும் பின்னால் நீ நட."

அதற்குப் பிறகு எத்தனையோ குழுக்களோடு போயிருக்கிறேன். இந்த உத்தியோகத்துக்கு வழிகாட்டி என்று பெயர் வைத்தவர் எட்டுப் பேரைக் காட்டுக்குக் கூட்டிப் போகாதவர் என்பது மட்டும், எல்லோருக்கும் கடைசியில் நடக்கும்போதெல்லாம் எனக்கு உறுதியாகிக்கொண்டே வருகிறது.