அக்கா வெட்டிய பிசிறு

எங்கள் அக்காவின் கழுத்தில் எப்போதும் ஒரு சின்னக் கத்தரிக்கோல் தொங்கும். அத்தான் தையற்கடை வைத்திருக்கிறார். அவர் தைத்துத் தள்ளுவார். காஜா எடுப்பது, பட்டன் கட்டுவது, கடைசியில் பிசிறு வெட்டுவது எல்லாம் அக்கா. இத்தனை வருஷப் பழக்கத்தில், எங்கே நூல் நீட்டிக்கொண்டிருந்தாலும் அவள் கை சும்மா இருக்காது. பஸ்ஸில் முன்சீட்டுக்காரர் காலரில் தொங்கினாலும் கேட்காமல் வெட்டிவிடுவாள். திரும்பி முறைத்தவர்களும் உண்டு. 'கத்தரி' என்று அவளுக்குப் பட்டப்பெயர் வைத்தது நான்தான். தங்கச்சி என்று ஒருத்தி பின்னே எதற்கு இருக்கிறேன்?

அந்தக் கத்தரிதான் ஐம்பது வயதில் கார் ஓட்டக் கிளம்பினாள்.

அத்தானின் கண்ணில் கோளாறு. கிட்டத்தில் இருக்கும் ஊசி நூல் தெரிகிறது, தூரத்தில் வரும் லாரி கலங்குகிறது. தைக்கலாம், வண்டி மட்டும் தொடக்கூடாது என்றார் டாக்டர். ஆஸ்பத்திரிக்கும் ஓட்டலுக்கும் தைத்த சீருடைகளைக் கொண்டுபோய்க் கொடுக்கக் கார் வேண்டும். மாடியில் குடியிருக்கும் நான் கொஞ்ச நாள் ஓட்டினேன். எனக்கும் வேலை வெட்டி உண்டல்லவா? "வித்துடலாம்," என்றார் அத்தான்.

"ஏன், எனக்குக் கை கால் இல்லியா?" என்றாள் அக்கா.

நன்றாகவே ஓட்டினாள். ஆனால் லைசென்ஸ் டெஸ்டில், மேட்டின் பாதியில் நிறுத்தி மறுபடி எடுக்கும்போது, இரண்டு தடவையும் வண்டி திணறி நின்றுபோனது. "ஆஃப் பண்ணிட்டீங்களேம்மா," என்று அதிகாரி இரண்டு தடவையும் ஒரே மாதிரி சொன்னார். மூன்றாவது தடவையும் தோற்றால் காரை விற்றுவிடலாம் என்று அக்காவே சொன்னாள். சொல்லும்போது அவள் முகத்தைப் பார்க்க எனக்குச் சகிக்கவில்லை.

பிறகுதான் அத்தான் பானெட்டைத் திறந்து காது கொடுத்துக் கேட்டார். "இவ மேல தப்பில்ல. நாலு பிளக்குல மூணுதான் பேசுது. ஒண்ணு வாயத் தொறக்க மாட்டேங்குது."

புதுப் பிளக்குகள் வந்து சேர்ந்ததே டெஸ்ட் அன்று காலையில்தான். மத்தியானம் டெஸ்ட். வாசலிலேயே வேலையை ஆரம்பித்தார்.

எஞ்சினில் தீப்பொறி கிளப்பும் ஒவ்வொரு ஸ்பார்க் பிளக்கின் தலையிலும் ஒரு வயர் செருகியிருக்கும். எந்த வயர் எந்தப் பிளக்குக்கு என்பது மாறினால் எஞ்சின் ஓடாது. அதனால் ஒன்றைக் கழற்றி, புதியதை மாட்டி, அதன் வயரைச் செருகிவிட்டு அடுத்ததற்குப் போவதுதான் முறை. அத்தானுக்கு அதெல்லாம் ஒத்துவராது. தொளதொளவென்ற ஒரு சட்டையைக் கொஞ்சம் பிடித்துக் கொடுக்கச் சொன்னால்கூட முழுக்கப் பிரித்துப் போட்டுவிட்டுத்தான் யோசிப்பார். நாலு வயரையும் ஒன்றாகப் பிடுங்கினார். அடையாளத்துக்கு ஒவ்வொன்றிலும் ஒரு நிற நூல் கட்டினார். சிவப்பு முதலாவதுக்கு, பச்சை அடுத்ததுக்கு, அப்புறம் மஞ்சள், கடைசியில் நீலம். பழைய பிளக்குகளைக் கழற்றினார். புதியவற்றை விரலாலேயே திருகி உட்காரவைத்துவிட்டு, கடைசியில் மட்டும் ஸ்பேனரால் கொஞ்சம் இறுக்கினார். பார்க்க அழகாகத்தான் இருந்தது.

வயரைச் செருக வேண்டியதுதான் பாக்கி. அதற்குள் டீ ஆறுகிறதென்று கை கழுவ உள்ளே வந்தார். டெஸ்ட் பயத்தில் இருப்புக் கொள்ளாமல் வாசலுக்கும் அடுப்படிக்கும் நடந்துகொண்டிருந்த அக்கா உள்ளே வந்து, "வயரெல்லாம் ஒரே பிசிறுங்க. வெட்டி விட்டுட்டேன்," என்றாள்.

அத்தான் டம்ளரைக் கீழே வைத்தார். "எல்லாத்தையுமா?"

"பின்ன, ஒண்ண மட்டும் விடுவேனா?"

எனக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. விஷயம் புரிந்ததும் அக்கா அப்படியே உட்கார்ந்துவிட்டாள். அத்தான் போய்க் குத்துமதிப்பாக வயர்களைச் செருகிவிட்டு என்னைச் சாவியைத் திருப்பச் சொன்னார். வண்டி இருமியது, குலுங்கியது, பின்னால் வெடி மாதிரி ஒரு சத்தம் போட்டு அடங்கியது. எதிர்வீட்டு ஜன்னல் திறந்து மூடியது. என் சிரிப்பும் அதோடு நின்றது.

"என் தலையில நானே மண்ண வாரிப் போட்டுக்கிட்டேன்," என்று அக்கா அழ ஆரம்பித்தாள்.

அத்தான் திட்டவில்லை. அவர் அப்படித்தான். அந்த விஷயத்தில் அக்கா கொடுத்துவைத்தவள். "அழுது முடிச்சிட்டு இங்க வந்து பிடி," என்று செருகிய வயர்களை மறுபடி உருவினார்.

மூக்கை உறிஞ்சிக்கொண்டே போய் ஒரு வயரைப் பிடித்தாள். பிடித்தவள் இன்னொன்றையும் எடுத்து அதன் பக்கத்தில் வைத்துப் பார்த்தாள். "ஏங்க, இது நீளம், இது குட்டை. எந்தக் கை எந்தச் சட்டைக்குன்னு நமக்குத் தெரியாதா?"

அத்தானின் முகம் மலர்ந்தது. குட்டையானது வயர்கள் கிளம்பும் இடத்துக்குப் பக்கத்துப் பிளக்குக்கு, நீளமானது கோடியில் இருப்பதற்கு. நடுவில் இரண்டும் கிட்டத்தட்ட ஒரே அளவு. அக்கா கண்ணை மூடிக்கொண்டு அவற்றை விரலால் நீவினாள். வருஷக்கணக்கில் ஒரே பக்கம் வளைந்திருந்ததால் வயரில் மடிப்பு விழுந்திருந்தது. "இது இந்தப் பக்கம்தான் படுத்திருக்கு," என்று அவள் காட்ட, அவர் செருகினார். நான் சாவியைத் திருப்பினேன். முதல் திருப்பலிலேயே வண்டி பிடித்துக்கொண்டது.

டெஸ்ட் மைதானம்வரை நான்தான் ஓட்டினேன். அதிகாரி முன்சீட்டில் ஏறுவதற்குள் அக்கா கழுத்திலிருந்த கத்தரிக்கோலைக் கழற்றி அத்தான் கையில் திணித்தாள். "இத நீங்களே வச்சிருங்க. அவர் சட்டையில நூல் தொங்குது."

மேட்டின் பாதியில் நிறுத்தச் சொன்னார்கள். நிறுத்தினாள். மறுபடி எடுக்கும்போது அத்தான் என் தோளைப் பிடித்த பிடி இன்னும் வலிக்கிறது. வண்டி ஒரே இழுப்பில் ஏறிப் போனது.

பாஸ் என்றதும் அத்தான் விறுவிறுவென்று காரிடம் போனார். பழக்க தோஷம், நேராக டிரைவர் பக்கக் கதவைத் திறந்தார். அக்கா உட்கார்ந்திருந்தாள். ஒரு நிமிஷம் அப்படியே நின்றார். பிறகு கதவை மெல்லச் சாத்திவிட்டு, முன்பக்கமாகச் சுற்றிக்கொண்டு அந்தப் பக்கம் நடந்தார். நான் பின்சீட்டில் ஏறிக்கொண்டேன். அவர் சாவகாசமாக உட்கார்ந்து, கண்ணை மூடிக்கொண்டு எஞ்சினைக் கேட்டார்.

"நாலும் பேசுது," என்றார்.

"அப்ப நீங்க பேசாம வாங்க," என்று அக்கா கியரைப் போட்டாள்.