நாற்பத்தெட்டு இலக்கங்கள்

கானா நாட்டு டெச்சிமானில் யாராவது இறந்தால், உடலைப் பிணவறையில் வைத்த கையோடு குடும்பத்தார் வருகிற இடம் ஆன்ட்டி போமாவின் கடை. ஆஸ்பத்திரி சாலையில் டயர் கடைக்கும் தையல் கடைக்கும் நடுவில் ஒரு நீலக் கதவு. சிலர் அழுதுகொண்டு வருவார்கள், சிலர் சண்டை போட்டுக்கொண்டே வருவார்கள். இரு சாராருக்கும் ஆன்ட்டி ஒரே பெஞ்சைத்தான் காட்டுவார்.

அவர் செய்வது நினைவு மலர். இறந்தவரின் வாழ்க்கைக் குறிப்பு, பிள்ளைகளின் அஞ்சலி, தேவாலயப் பாட்டு, பழைய படங்கள், கடைசியில் துக்கத்தை ஏற்று நடத்தும் பெரியவர்களின் பட்டியல். அந்தப் பட்டியலில் யார் பெயர் முதலில் வருவது என்று தகராறாகிப் பேச்சுவார்த்தை நின்றுபோன குடும்பங்கள் எனக்கே நாலைந்து தெரியும். அவர் தட்டச்சு செய்ததை எங்கள் ட்வி மொழியிலும் ஆங்கிலத்திலும் எழுத்து எழுத்தாகப் படித்துத் திருத்துவது என் வேலை. சேர்ந்து இரண்டு வருடம் ஆகிறது.

ஆன்ட்டிக்கு நாற்பத்தொன்பது வயது. இளமையில் கோர்ட்டு வாசலில் குடை நட்டு, பழைய தட்டச்சுப் பொறியில் அடுத்தவர் மனுக்களை அடித்துக் கொடுத்துக்கொண்டிருந்தார். அவருடைய அப்பா இறந்தபோது மலரை வேறு ஊரில் அச்சடித்தார்கள். மூன்றாம் பக்கத்தில் யாரோ ஒரு ஆளின் படம் இருந்தது. அந்தப் பக்கத்தைக் கிழித்துவிட்டுத்தான் வந்தவர்களுக்குக் கொடுத்தார்களாம். அதற்கடுத்த மாதம் தட்டச்சுப் பொறியை விற்றுவிட்டு இந்தக் கடையைத் திறந்தார்.

மற்றவர்கள் மலர் என்றால் ஓரங்களில் புறாவும் மெழுகுவர்த்தியும் வைப்பார்கள். ஆன்ட்டி, இறந்தவர் செய்த தொழிலை வரைவார். தையற்காரருக்குக் கத்தரிக்கோலும் நூல்கண்டும். விவசாயிக்குச் சேனைக்கிழங்கு மேடுகள் வரிசையாக. மலரைக் கையில் வாங்குகிறவர்கள் முதலில் ஓரத்தைத்தான் பார்ப்பார்கள்.

கணினியை விற்றதும் அமைத்துக் கொடுத்ததும் ஒபிரி. ஆன்ட்டியின் தேவாலயப் பாடகர் குழுவில் கட்டைக் குரலில் பாடுகிறவர். வாரத்தில் மூன்று நாள் வாக்யே என்கிற காராமணிச் சோற்றுப் பொட்டலத்தோடு வந்து கடைப் பெஞ்சில் உட்கார்ந்து சாப்பிடுவார். "என் கூடப் பொறக்கலையே தவிர இவன் என் தம்பி," என்பார் ஆன்ட்டி. கோப்புகளை எங்கே பத்திரப்படுத்துவது என்று கேட்டதற்கு ஒபிரி ஒருமுறை கூரையைக் காட்டினாராம். "எல்லாம் இன்டர்நெட்டு வழியா மேல ஏறிடும், சிஸ்டர். இந்தக் கடையே எரிஞ்சாலும் மேல இருக்கும்." அன்றிலிருந்து ஆன்ட்டி எதையும் நகல் எடுத்து வைப்பதில்லை.

எனக்கு முன்னால் என் நாற்காலியில் டூஃபி இருந்தாள். நான்கு வருடம் ஆன்ட்டியிடம் தொழில் கற்றவள். இரண்டு வருடத்துக்கு முன்பு ஒரு தக்காளி வியாபாரிக்காக ஆன்ட்டி கூடைகளும் தராசும் வைத்து ஒரு ஓரம் வரைந்தார். அது அச்சுக்குப் போகும் முன்பே, எதிர்ச்சாரியில் இதே தொழிலில் கடை வைத்திருக்கும் பெனடிக்டா வேறொரு மலரில் அதே கூடைகளைப் போட்டுவிட்டார். ஆன்ட்டியையும் டூஃபியையும் தவிர அந்த ஓரத்தைப் பார்த்தவர் யாருமில்லை. பயிற்சிக்கு வந்த மற்றப் பெண்கள் முன்னிலையில் ஆன்ட்டி அவளை வெளியே அனுப்பினார். ஒபிரியும் அன்று பெஞ்சில் இருந்தார்.

இந்த மாதம் ஆசிரியர் அம்பொன்சாவின் மலர். முப்பத்திரண்டு பக்கம். குடும்பத் தலைவரான அவருடைய தம்பியை ஊரே வோஃபா ஜாம்ஃபி, அதாவது ஜாம்ஃபி மாமா, என்று அழைக்கும். அவர் இரண்டு கூட்டம் போட்டுப் பெயர்ப் பட்டியலை ஒருவழியாக முடித்திருந்தார். அஞ்சலிகளை ஒவ்வொருவரும் பெஞ்சில் உட்கார்ந்து சொல்லச் சொல்ல ஆன்ட்டி நேரே கணினியில் அடித்தார். காகிதம் என்று எதுவுமில்லை. சனிக்கிழமை அடக்கம்.

செவ்வாய்க்கிழமை மாலை, முதல் பக்கத்தை ஆசிரியரின் மகளுக்கு அனுப்புவதற்காக ஆன்ட்டி போனில் ஹாட்ஸ்பாட்டைப் போட்டார். அணைக்க மறந்துவிட்டார். இத்தனை காலமும் போதிய நேரம் இணையம் கிடைக்காமல் காத்திருந்த அப்டேட் அதுவாகவே இறங்கத் தொடங்கியது. அணைக்காதீர்கள் என்று திரை சொன்னது. பாதியில் தெருவுக்கே மின்சாரம் போனது. எங்கள் பேட்டரிப் பெட்டி எப்போதோ செத்துப்போயிருந்தது.

புதன்கிழமை காலை கணினி திறக்கவில்லை. கறுப்புத் திரை, சுற்றுகிற புள்ளிகள், சரிசெய்யத் தயாராகிறது என்று ஒரு வரி, மறுபடி கறுப்பு. ஆன்ட்டி அதன் முன்னால் கைகளை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

அந்த நேரம் பார்த்து வோஃபா ஜாம்ஃபி கைத்தடியோடு வந்தார்.

"என்ன போமா, எங்கண்ணன் எந்தப் பக்கத்துல இருக்காரு?"

"மிஷின் படுத்துடுச்சு வோஃபா. ஒபிரி வந்துட்டே இருக்கான்."

"பாத்துக்கோ. நாப்பது வருஷ சர்வீஸ்ல எங்கண்ணன் ஒரு நாளும் ஸ்கூலுக்கு லேட்டாப் போனதில்ல. அவர் புத்தகம் லேட்டாச்சுன்னா பெட்டியிலேர்ந்து எழுந்து பிரம்பைத் தேடுவாரு. முதல் அடி உனக்குத்தான்."

ஆன்ட்டி சிரித்தார். அவர் போனதும் சிரிப்பு நின்றது. "சனிக்கிழமை இது இல்லாம அடக்கம் நடந்தா, அபேனா, இந்த ஊர்ல ஒரு பிணம்கூட என்கிட்ட வராது," என்றார்.

ஒபிரி வந்து பெட்டியைக் கழற்றினார். நினைவகப் பட்டைகளைப் பிடுங்கி, பள்ளிக்கூட ரப்பரால் துடைத்து, திரும்பச் செருகினார். எல்லா வயரையும் எடுத்துவிட்டுப் போட்டுப் பார்த்தார். பிறகு மூன்று முறை பாதியில் அணைத்து, பழுதுபார்க்கும் பக்கத்துக்குப் போய், கடைசி அப்டேட்டை நீக்கு என்பதை அழுத்தினார். நீலத் திரை வந்தது.

"என்னப்பா கேக்குது?"

"ஒரு நம்பர் கேக்குது, சிஸ்டர். நாப்பத்தெட்டு இலக்கம். டிஸ்க்கு பூட்டியிருக்கு. அது இல்லாட்டித் திறக்காது."

"நம்பர் எங்க இருக்கு?"

ஒபிரி தொப்பியைக் கழற்றித் தலையைத் தடவினார். "இது வெளிநாட்டு ஆபீஸ்ல ஓடுன பழைய மிஷின் இல்லியா. அங்க எவன்கிட்டயோ இருக்கும். விடுங்க, ஃபார்மட் பண்ணிடலாம். சாயங்காலத்துக்குள்ள புதுசு மாதிரி எழுந்துடும்."

"உள்ள இருக்கிற ஆசிரியர்?"

"அது போயிடும், சிஸ்டர்."

"மேல இருக்கும்ல? மேலேர்ந்து இறக்கு."

"மேல ஏறுறது நின்னுபோச்சு."

"எப்ப?"

"அப்டேட்டு நிறுத்தியிருக்கும். இந்த அப்டேட்டுங்க அப்படித்தான், என்ன பண்ணும்னே தெரியாது." சொல்லும்போதே பென் டிரைவைக் கையில் எடுத்துவிட்டார்.

நான் அவர்களுக்குப் பின்னால் நின்றிருந்தேன். எழுத்து இருந்தால் கடைசி வரைக்கும் படித்துவிடுவது எனக்குப் பழக்கமாகிவிட்டது. நீலத் திரையின் அடியில் சின்ன எழுத்தில், இந்த எண் எந்தக் கணக்கில் இருக்கிறது என்பதற்கு ஒரு குறிப்பு இருந்தது. முதல் மூன்று எழுத்து, பிறகு வரிசையாக நட்சத்திரக் குறிகள், முடிவில் எழுபத்தேழு. ஒபிரி தான் விற்கும் ஒவ்வொரு பெட்டியின் நெற்றியிலும் தன் போன் எண்ணும் மின்னஞ்சலும் அச்சிட்ட ஸ்டிக்கர் ஒன்றை ஒட்டுவார். திரையையும் ஸ்டிக்கரையும் இரண்டு முறை மாறி மாறிப் பார்த்தேன்.

"ஆன்ட்டி," என்றேன். "ஸ்டிக்கர்ல இருக்கிற மெயிலும் இதே எழுத்துலதான் ஆரம்பிக்குது. முடியிறதும் எழுபத்தேழுலதான்."

ஆன்ட்டி கண்ணாடியைப் போட்டுக்கொண்டு ஸ்டிக்கரைப் பார்த்தார். பிறகு ஒபிரியின் கையிலிருந்த பென் டிரைவை வாங்கி மேசையில் வைத்தார்.

"போனை எடு," என்றார்.

"சிஸ்டர், அது அந்த மாதிரி இல்ல..."

"எடுப்பா."

அவர் போனை எடுத்துத் தன் பக்கம் சாய்த்துப் பிடித்தபடி எதையோ தேடினார். ஆன்ட்டி நாற்காலியை இழுத்து அவர் தோளோடு தோளாக உட்கார்ந்துகொண்டார். வரிசையாகக் கணினிப் பெயர்கள் வந்தன. மருந்துக்கடை. பள்ளி அலுவலகம். போமா. அதற்கடுத்து பெனடிக்டா.

"இதென்ன, நாங்கெல்லாம் ஒரே வீட்டுல குடியிருக்கோமா?"

"எல்லாருக்கும் என் கணக்குதான் போட்டுக் கொடுத்தேன். தனித்தனியா ஆரம்பிச்சுக் கொடுத்தா ரெண்டே நாள்ல பாஸ்வேர்டை மறந்துட்டு என் வாசல்ல நிப்பாங்க. இந்த ஊர்ல எல்லா டெக்னிஷியனும் இப்படித்தான் பண்றான், கேட்டுப் பாருங்க."

"அப்ப மேல ஏறுதுன்னியே, எல்லாரோடதும் ஒரே எடத்துலதான் ஏறுச்சா?"

ஒபிரி போனைக் கவிழ்த்து மடியில் வைத்தார்.

"நான் வரைஞ்சது அவ மிஷின்ல இறங்குச்சா?"

"அவங்க திருடணும்னு பண்ணல, சிஸ்டர். புதுசா ஒரு ஃபோல்டர் வந்திருக்கு, நல்லா இருக்குன்னு எடுத்துப் போட்டுட்டாங்க. நான்தான் மாதிரிப் படம் கொடுத்திருக்கேன்னு நினைச்சாங்களாம். எனக்குத் தெரிஞ்ச அன்னிக்கே நிறுத்திட்டேன்."

"என்னிக்குத் தெரிஞ்சுது?"

"தக்காளிக்கார அம்மா அடக்கத்துக்கு அடுத்த வாரம்."

தையல் கடையின் இயந்திரச் சத்தம் கேட்டுக்கொண்டிருந்தது. ஆன்ட்டி கத்துவார் என்று நினைத்தேன். அவர் பெஞ்சைப் பார்த்தார்.

"நான் டூஃபியை வெளிய போடின்னு சொன்னப்ப நீ அங்க உக்காந்து சாப்பிட்டுட்டிருந்த."

"அப்ப எனக்குத் தெரியாது, சிஸ்டர். சத்தியமா. அடுத்த வாரம்தான்..."

"அந்த வாரத்துக்கப்புறம் எத்தனை வாரம் வந்து அதே பெஞ்சுல சாப்பிட்ட?"

"சொன்னா நீங்க என்னைச் சேர்க்க மாட்டீங்களோன்னு..."

"இப்பவும் ஆசிரியரை மொத்தமா அழிச்சிட்டுப் போகலாம்னு பாத்தியே." அவர் குரல் அங்கேதான் உடைந்தது. "முப்பத்திரண்டு பக்கம். நீ ஒரு வார்த்தை சொல்லாம இருக்கணும்கிறதுக்காக."

ஒபிரி கண்ணைத் துடைத்துக்கொண்டார். ஆன்ட்டி துடைக்கவில்லை.

"நம்பரைப் படி. அபேனா அடிப்பா. ஒரு இலக்கம் தப்பாப் போகக் கூடாது."

ஆறு ஆறு இலக்கமாக எட்டு முறை படித்தார். மூன்றாவது தொகுதியில் ஒரு இலக்கத்தை மாற்றிப் படித்துவிட, மறுபடி முதலிலிருந்து ஆரம்பித்தோம். பூட்டுத் திறந்தது. பாதியில் நின்ற அப்டேட்டை நீக்க ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆனது. அவ்வளவு நேரமும் மூவரும் அதே அறையில் சுற்றுகிற புள்ளிகளைப் பார்த்துக்கொண்டிருந்தோம். கடைசியில் திரையில் ஆசிரியர் அம்பொன்சா வந்தார். ஓரத்தில் கரும்பலகையும் சாக்குக் கட்டிகளும், அவர் நட்ட பள்ளி மாமரமும்.

கருவிப்பையை மூடிக்கொண்டு ஒபிரி வாசலில் நின்றார். "ஞாயித்துக்கிழமை கொயருக்கு வருவீங்கல்ல?"

"முதல்ல அந்த ஸ்டிக்கரைப் பிச்சிட்டுப் போ," என்றார் ஆன்ட்டி.

மலர் வெள்ளிக்கிழமை மதியம் அச்சாகிவிட்டது. சனிக்கிழமை வோஃபா ஜாம்ஃபி பட்டியலில் தன் பெயரை விரலால் தொட்டுப் பார்த்துவிட்டு, பிரம்புக்கு வேலையில்லாமல் போயிற்று என்றார். ஆன்ட்டி அவரைத் தனியே அழைத்து ஒரு உதவி கேட்டார்.

திங்கட்கிழமை ஆன்ட்டியும் வோஃபாவும் நானும் டூஃபியின் வீட்டுக்குப் போனோம். மன்னிப்புக் கேட்கப் போகிறவர் வெறுங்கையோடு போவதில்லை, தானே பேசுவதுமில்லை. ஆன்ட்டி ஜின் புட்டி வாங்கியிருந்தார், வோஃபா பேசினார். டூஃபியின் அம்மா தண்ணீர் கொடுத்து, எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, புட்டியை வாங்கி உள்ளே வைத்தார். அதாவது மன்னித்தாயிற்று. டூஃபி மீன் குளிர்பதனக் கடையில் வேலை முடிந்து வந்திருந்தாள். கைகள் சிவந்திருந்தன.

"திரும்பி வந்துடு, டூஃபி," என்றார் ஆன்ட்டி. அதை வோஃபா சொல்வதாகத்தான் பேச்சு. ஆன்ட்டியால் பொறுக்க முடியவில்லை.

டூஃபி என்னை ஒரு தரம் பார்த்தாள். எனக்கு உட்கார்ந்திருக்கக் கூச்சமாக இருந்தது.

"மேடம், அன்னிக்கு எல்லார் முன்னாடியும் என் பையைக் கீழ கொட்டி பென் டிரைவ் தேடுனீங்க. அதுல என் துணியெல்லாம் இருந்துச்சு. மிஷின் ஏன் திறக்கலைன்னு பாக்க ஆளைக் கூப்பிட்டு நாள் பூரா உக்காந்திருக்கீங்க. என்னைப் பத்தி ஒரு மணி நேரம் யோசிக்கலையே."

"தப்புதான்மா."

"அம்மா புட்டியை வாங்கிட்டாங்க. எனக்கும் கோவம் ஒண்ணும் இல்ல. நான் மீன் கடையிலேயே இருந்துக்கறேன். அங்க எது எப்ப கெட்டுப்போகுதுன்னு மூக்குக்கே தெரிஞ்சிடும்."

வோஃபா சிரித்துவிட்டார். அவரைத் தவிர யாரும் சிரிக்கவில்லை.

கடைக்குத் திரும்பியதும் ஆன்ட்டி, கணினியில் ஒபிரியின் கணக்கை எடுத்துவிட்டுத் தன் பெயரில் புதிதாக ஒன்று தொடங்க வேண்டும் என்றார். எப்படி என்று நான் சொல்லச் சொல்ல ஒவ்வொரு விரலாக அழுத்தினார். பெயர், பிறந்த தேதி, போன் எண். எல்லாம் சரியாகத்தான் அடித்தார். டிஸ்க்குக்கு மாற்றிப் போட்ட புதிய நாற்பத்தெட்டு இலக்கங்களை முன்னாலேயே காகிதத்தில் எழுதி, நான் பார்ப்பதற்குள் மடித்து ரவிக்கைக்குள் வைத்துக்கொண்டிருந்தார். பிறகு கடவுச்சொல் கேட்கும் கட்டம் வந்தது. விரல்கள் விசைகளின் மேல் நின்றன.

"அபேனா."

"சொல்லுங்க ஆன்ட்டி."

"நீ கொஞ்சம் அந்தப் பக்கம் திரும்பிக்கோ."

இரண்டு வருடத்தில் அவர் என்னிடம் எதையும் மறைத்ததில்லை. நான் திரும்பிச் சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றேன். விசைகளின் சத்தம் நெடுநேரம் கேட்கவேயில்லை.