திரையில் வந்த அப்பா

லாரி டிரைவரான என் கணவர் விபத்தில் இறந்த சில மாதங்களில், நாமக்கல்லில் அவருடைய கம்பெனியின் ஆண்டு விழா நடந்தது. அவருக்கு மரியாதை செய்வதற்காக என்னையும் நான்கு வயது மகளையும் மேடைக்கு அழைத்தார்கள். திடீரென்று பெரிய திரையில் அவர் சிரித்துப் பேசும் வீடியோ ஓடியது. எங்களிடம் யாரும் முன்கூட்டிச் சொல்லவில்லை.

"அப்பா வந்துட்டாரும்மா!" என்று மகள் திரையை நோக்கி ஓடினாள். கூட்டம் கைதட்டியது. வீடியோ முடிந்ததும், "எங்கேம்மா போயிட்டாரு?" என்று அழுதவளைத் தூக்கிக்கொண்டு மேடையிலிருந்து இறங்கினேன்.

"நல்லதுன்னு நெனச்சுத்தானுங்க செஞ்சோம்" என்று முதலாளி கண்கலங்கினார். அது உண்மைதான்.

இப்போது அந்தக் கம்பெனியில்தான் வேலை செய்கிறேன். விழாவுக்கு முன்பு, இறந்த டிரைவர்களின் வீட்டுக்கு நானே போய், மேடைக்கு வர விருப்பமா, வீடியோ காட்டலாமா என்று கேட்கிறேன். சென்ற முறை எருமப்பட்டியில் ஒரு பெண், "மேடையெல்லாம் வேண்டாமுங்க அக்கா, என்னால தாங்க முடியாது" என்றாள். சரி என்று சொல்லி, அவள் அழுது முடிக்கும்வரை பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தேன்.