செவலையோடு நடந்த மாதங்கள்

படப்பைக்குப் போகும் சாலையிலிருந்து உள்ளே திரும்பினால் ஏரிக்கரையை ஒட்டி ஒரு குதிரையேற்றப் பள்ளி இருக்கிறது. நாற்பத்து நான்கு வயதில் நான் அங்கே போய்ச் சேர்ந்தேன். விவாகரத்து முடிந்து, கோவிலம்பாக்கத்தில் ஒரு சின்ன ஃப்ளாட்டில் தனியாக இருக்கத் தொடங்கியிருந்த நேரம். வார நாட்களை நாவலூர் ஆபீஸ் எப்படியோ நகர்த்திவிடும். சனி, ஞாயிறுதான் கஷ்டம். வெள்ளிக்கிழமை மாலை லிஃப்டில் யாருக்காவது குட்நைட் சொன்னால், அதற்கப்புறம் வாய் திறப்பது திங்கட்கிழமை காலையில்தான். முதல் வார்த்தை கரகரவென்று வரும். ஜலதோஷமா என்று பக்கத்து சீட்டுக்காரி கேட்பாள். ஆமாம் என்பேன்.

குதிரை மீது எனக்குப் பெரிய ஆசையெல்லாம் இருந்ததில்லை. ஒரு சனிக்கிழமை ஸ்கூட்டரை எடுத்துக்கொண்டு தாம்பரம், முடிச்சூர் என்று காரணமில்லாமல் போய்க்கொண்டே இருந்தேன். அந்தப் பள்ளியின் போர்டைப் பார்த்ததும் வண்டியைத் திருப்பினேன், அவ்வளவுதான். அங்கே கற்றுக்கொள்ள வந்தவர்கள் எல்லோரும் குழந்தைகள். அவர்களுடைய பெற்றோர் நிழலில் நாற்காலி போட்டு போனைப் பார்த்துக்கொண்டிருப்பார்கள். என்னை ஏற்றிவிட்டது ஒரு செவலைப் பெண்குதிரை மேல். பயந்தவர்களுக்கெல்லாம் அதைத்தான் கொடுப்பார்கள். அவ்வளவு சாது. அதன் முதுகிலிருந்து பார்த்தால் ஏரியின் அடுத்த கரை தெரியும். நான் கெட்டியாகக் கடிவாளத்தைப் பிடித்துக்கொண்டிருந்தபோதுகூட அது முரண்டு பிடிக்கவில்லை.

அடுத்த வருடம் செவலை சினை பிடித்தது. பார்க்க வந்த கால்நடை டாக்டர் என் வயதுப் பெண்மணி. சவாரியை நிறுத்திவிட வேண்டுமா என்று நான்தான் கேட்டேன்.

"எதுக்கு? வேலை செஞ்சு பழகின உடம்பு. திடீர்னு கட்டிப்போட்டா அதுதான் கெடுதல். நடை, மெதுவா ஒரு ஓட்டம், போதும். தாண்ட வைக்காதீங்க, மூச்சு வாங்க விடாதீங்க. வயிறு இறங்க ஆரம்பிச்சதும் சேணத்தை எடுத்துடுங்க. கையில பிடிச்சு நடத்துனா போதும்."

மெதுவாகப் போகும் குதிரை குழந்தைகளுக்குப் பிடிக்கவில்லை. லாயத்தைக் கவனித்துக்கொள்பவர் ஒரு நாள் என்னிடம் வந்தார். படப்பைக்காரர், முப்பதைத் தாண்டியவர்.

"அக்கா, பசங்க ஒரே பேஜார் பண்ணுதுங்க. இது ஓடவே மாட்டேங்குதாம். நீங்களே ஏறிக்கிறீங்களா? உங்களுக்கு இன்னா அவசரம் கீது?"

அவர் சாதாரணமாகத்தான் சொன்னார். எனக்கு ஒரு அவசரமும் இல்லை என்பது வெளியிலேயே தெரிந்திருக்கிறதே என்று அன்று வீட்டுக்குப் போகும் வழியெல்லாம் நினைத்துக்கொண்டேன்.

அப்படித்தான் செவலை எனக்கென்று ஆனது. வாரக் கடைசிகளில் ஏரிக்கரை மண்பாதையில் இருவரும் போவோம். மாதங்கள் ஏற ஏற அதன் நடை மாறியது. சேணத்தின் வயிற்றுவாரை ஒவ்வொரு ஓட்டையாகத் தளர்த்தினேன். இறக்கத்தில் தயங்கி, காலை ஊன்றிப் பார்த்துவிட்டு இறங்கும். நானும் அதற்கேற்ப பின்னால் சாய்ந்து கொடுக்கக் கற்றுக்கொண்டேன். ஒரு நாள் சேணம் போடும்போது காதுகளைப் பின்னால் மடக்கி, தலையைத் திருப்பி என்னைப் பார்த்தது. அத்தோடு சேணத்தைக் கழற்றி ஆணியில் மாட்டிவிட்டேன். அதன்பின் பக்கத்தில் நடந்துதான் போனேன்.

செவலைக்கு ஏழாவது மாதம் நடந்த ஒரு சனிக்கிழமை, பள்ளியின் உரிமையாளர் என்னிடம் வந்தார். அந்த ஊர்க்காரர்; அவர்கள் குடும்பம் நெல் போட்ட நிலத்தில்தான் பள்ளி நடந்தது. அன்று மாலை தாம்பரம் பக்கம் ஒரு கல்யாணத்துக்கு மாப்பிள்ளை ஊர்வலக் குதிரை அனுப்புவதாக ஒப்புக்கொண்டிருந்தார். போக வேண்டிய வெள்ளைக் குதிரை கால் நொண்டிக்கொண்டு நின்றது. மற்றவை கூட்டத்தைக் கண்டால் மிரளும்.

"செவலைதான் மேடம் போகணும். வார்த்தை குடுத்துட்டேன். கோயில்லேர்ந்து மண்டபம் வரைக்கும்தான்."

"பேண்டு அடிப்பாங்க, வெடி போடுவாங்க சார். இது வயித்துல குட்டியை வெச்சுக்கிட்டு..."

"என் குதிரை மேல எனக்கு அக்கறை இல்லையா? மாப்பிள்ளை ஒல்லிதான். நீங்க வழக்கம்போல ஒரு சுத்து நடத்தி கூட்டிட்டு வாங்க. அதுக்குள்ள இதை ஏத்திட்டுப் போற வண்டி வந்துடும்."

நான் வாதாடத் தெரிந்தவள் இல்லை. கோர்ட்டில்கூட கேட்டதற்குத் தலையாட்டிவிட்டு வந்தவள். சரி என்று கயிற்றைப் பிடித்துக்கொண்டு கிளம்பினேன். வழக்கமாகத் திரும்பும் மதகு வந்தது. திரும்பவில்லை. அதைத் தாண்டிப் பனைமரங்கள் இருக்கும் மேட்டுக்குப் போய் நின்றேன். செவலை குனிந்து புல்லைக் கடித்தது. என் போன் அடித்தது. நின்றது. மறுபடி அடித்தது. போனை சைலண்டில் போட்டுவிட்டு செவலையின் விலாவில் சாய்ந்துகொண்டேன். என் உள்ளங்கைக்குக் கீழே ஏதோ புரண்டு ஒரு முட்டு முட்டியது. பயம் போய்விடவில்லை. ஆனால் திரும்பிப் போகும் எண்ணம் போய்விட்டது.

பொழுது சாய்ந்த பிறகு கூட்டிக்கொண்டு வந்தேன். வண்டி காத்திருந்து காலியாகவே போயிருந்தது. மாப்பிள்ளை காரில் போனாராம். உரிமையாளர் கத்தவில்லை.

"இனிமே வர வேணாம் மேடம்" என்றார்.

லாயக்காரர் கயிற்றை வாங்கிக்கொண்டு, அவருக்குக் கேட்காதபடி, "நல்ல வேலை செஞ்சீங்கக்கா" என்று முணுமுணுத்தார்.

அடுத்து வந்த சனி, ஞாயிறுகள் முன்பைவிட மோசம். முன்பு போக இடமில்லை. இப்போது இடம் இருக்கிறது, போக முடியாது. பால்கனியில் துணி காயப்போட்டுவிட்டு, காய்வதைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பேன். செவலை எப்படி இருக்கிறது என்று கேட்க லாயக்காரரின் நம்பரை எடுப்பேன், வைத்துவிடுவேன்.

ஒரு நாள் உரிமையாளரே போன் செய்தார். குரல் இறங்கியிருந்தது.

"பின்னங்கால் ரெண்டும் வீங்கிடுச்சு மேடம். நடக்க விடாம நிறுத்தியே வெச்சதுனாலன்னு டாக்டர் திட்டிட்டுப் போறாங்க. தினமும் ரெண்டு வேளை நடத்தணுமாம். எங்க ஆளு கூப்பிட்டா அசைய மாட்டேங்குது. நீங்க வர முடியுமா?"

கோபப்பட வேண்டும் என்று தோன்றியது. கோபம் வரவில்லை. ஆபீசில் ஷிப்டை மாற்றிக் கேட்டேன். விடிந்ததும் அங்கே போய், நடத்திவிட்டு, அங்கிருந்தே நாவலூர் போனேன். மாலை நடையை உரிமையாளரே எடுத்துக்கொண்டார். வாசலில் எதிர்ப்பட்டால் வீக்கம் குறைந்ததைப் பற்றி மட்டும் பேசுவோம். கல்யாணத்தைப் பற்றி அவரும் பேசவில்லை, நானும் பேசவில்லை.

குட்டி போடும்போது நான் இல்லை. யாருமே இல்லை. குதிரை, ஆள் நகரும் வரை காத்திருந்துவிட்டுத்தான் குட்டி போடும் என்று டாக்டர் முன்பே சொல்லியிருந்தார். காலையில் நான் போனபோது லாயக்காரர் வாசலிலேயே நின்றார். "வந்துட்டீங்களாக்கா! பொட்டக்குட்டி! அம்மா மாதிரியே கீது!" என்றார்.

ஓடினேன். குட்டி ஈரம் காயாமல், கால்களை அகட்டிக்கொண்டு பால் குடிக்க இடம் தேடிக்கொண்டிருந்தது. கதவில் கை வைத்தேன். செவலை காதுகளை மடக்கி, பல்லைக் காட்டிக்கொண்டு என்னை நோக்கி வந்தது. கையை எடுத்துக்கொண்டேன்.

"அது அப்டித்தாங்க்கா. கொஞ்ச நாளு யாரையும் விடாது."

"தெரியும்" என்றேன். தெரியும்தான். ஆனாலும் கழுவும் தொட்டிப் பக்கம் போய் முகத்தைக் கழுவிக்கொள்ள வேண்டியிருந்தது.

அதற்குப் பிறகு செவலைக்கு நான் தேவைப்படவில்லை. குட்டியின் பின்னால் நாள் முழுக்க மைதானத்தைச் சுற்றுகிறது. அந்த நடையே அதற்குப் போதும். எனக்கு வேறு குதிரை கொடுத்திருக்கிறார்கள், வயதான கறுப்புக் குதிரை. அதன் மேல் ஏறிப் போகும்போது செவலை தலையைத் தூக்குவதில்லை. எனக்கு வலிக்கிறது. எல்லா சனிக்கிழமையும் வலிக்கிறது. போகாமல் இருப்பதுமில்லை.

போன வாரம் வேலி ஓரமாக நின்றுகொண்டிருந்தேன். யாரோ என் துப்பட்டாவை இழுத்தார்கள். திரும்பினால் குட்டி. நுனியை வாயில் வைத்துச் சப்பிக்கொண்டிருந்தது. தூரத்தில் செவலை தலை நிமிர்ந்து பார்த்தது. நான் அசையாமல் நின்றேன். கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டே இருந்துவிட்டு அது மறுபடி மேயக் குனிந்தது.