எஸ்தருக்காக நான் எழுதிய நன்றிக் கடிதம்

போன செவ்வாய்க்கிழமை, செங்கல்பட்டு தொழிலாளர் அலுவலகத்தில், நான் எழுதிய ஒரு லெட்டரை ஓர் இளைஞர் சத்தமாகப் படித்தார். உச்சரிப்பு சுத்தம். நிறுத்த வேண்டிய இடத்தில் நிறுத்தி, அழுத்த வேண்டிய இடத்தில் அழுத்தி... என் இங்கிலீஷை அவ்வளவு அழகாக இதுவரை யாரும் படித்ததில்லை. எழுந்து வெளியே ஓடிவிடலாமா என்றிருந்தது எனக்கு.

இந்தப் பத்தியை விடாமல் படிப்பவர்களுக்கு என் பழைய உத்தியோகம் தெரியும். மறைமலை நகரில் ஒரு தொழிற்சாலை எம்.டி.க்கு இருபத்தாறு வருஷம் செக்ரட்டரி. அந்த மனிதர் வாயால் யாருக்கும் நன்றி சொல்லி நான் கேட்டதில்லை — காபி கொண்டுவந்து வைப்பவருக்குக்கூட! ஆனால் அவர் பெயரில் நான் சொன்ன நன்றிகள் ஒரு பீரோ கொள்ளும். கஸ்டமருக்கு, பேங்க் மேனேஜருக்கு, இன்ஸ்பெக்‌ஷனுக்கு வந்த ஆபீசருக்கு, சம்பந்தி வீட்டுக்கு. யாருக்கு 'ரிகார்ட்ஸ்' போதும், யாருக்கு 'ஹைஎஸ்ட் எஸ்டீம்' வேண்டும், பேனா இரவல் கொடுத்தவருக்கு 'கிரேட்ஃபுல்' என்று எழுதினால் எவ்வளவு கேலிக்கூத்து... எல்லாம் எனக்கு அத்துப்படி. அந்தத் திமிர் ரிட்டயர் ஆன பிறகும் போகவில்லை. தெருவில் யாருக்கு லெட்டர் வேண்டுமென்றாலும் என்னிடம்தான் வருவார்கள். நானும் பெருமையாக உட்கார்ந்து எழுதிக் கொடுப்பேன்.

எஸ்தரும் எங்கள் தெருதான். மாமல்லபுரம் தாண்டி, கடலைப் பார்த்த மாதிரி இருக்கும் ஒரு ரிசார்ட்டில் பதினாலு வருஷமாக ஹவுஸ்கீப்பிங். விடிகாலை பஸ்ஸில் போனால் சாயங்காலம் திரும்புவார். கணவர் உடம்பு சரியில்லாதவர். வீடு எஸ்தரின் வேலையில்தான் ஓடியது.

மூன்று மாதத்துக்கு முன்னால் ஒரு ஞாயிற்றுக்கிழமை, சர்ச் முடிந்த கையோடு என் வீட்டுக்கு வந்தார். கையில் நோட்டிலிருந்து கிழித்த ஒரு பேப்பர்.

"அக்கா, ஹவுஸ்கீப்பிங் எல்லாம் கான்ட்ராக்ட்டுக்கு வுடப் போறாங்களாம். நாளிக்குள்ள ரிசைன் லெட்டர் குடுன்னு எச்.ஆர். சொல்லிட்டாரு. நானே இங்கிலீஷ்ல எழுதிகினு வந்தேன். கரெக்டா கீதா பாத்து குடுங்க."

'கொடுக்காவிட்டால் என்ன ஆகும்?' — ஒரு மனுஷி கேட்க வேண்டிய முதல் கேள்வி இதுதானே? நான் கேட்கவில்லை. சிவப்பு பேனா எங்கே என்று தேடினேன்.

பேப்பரில் இருந்தது மொத்தமே ஐந்து வரி. தமிழில் சொன்னால் இப்படி: 'நீங்கள் லெட்டர் கொடு என்று சொன்னீர்கள். அதனால் இந்த லெட்டரைக் கொடுக்கிறேன். எனக்குப் போக இஷ்டமில்லை. பதினாலு வருஷம் நல்லபடியாக வேலை செய்தேன். தேங்க்கிங் யூ.'

அந்தக் கடைசி 'தேங்க்கிங் யூ'வைப் பார்த்து நான் சிரித்தேன். நமக்கெல்லாம் பள்ளிக்கூடத்தில் லீவ் லெட்டர் வழியாகத்தான் இங்கிலீஷ் வந்தது, இல்லையா? காய்ச்சல், லீவு வேண்டும், தேங்க்கிங் யூ. லீவு கிடைக்குமா என்று தெரிவதற்கு முன்பே நன்றி! அதற்குப் பிறகு வாழ்நாள் முழுக்க அதே பழக்கம். தெருவில் சாக்கடை வழிகிறது, தேங்க்கிங் யூ. ஆறு மாதமாகப் பென்ஷன் வரவில்லை, தேங்க்கிங் யூ. கன்னத்தில் அறைந்தவருக்கும் நாம் எழுதினால் அடியில் அதுதான் இருக்கும்.

ஆனால் எஸ்தரின் பேப்பரில் அந்த ஒரு வார்த்தைதான் பழக்கம். மிச்சம் நாலு வரியும் சத்தியம். இது இப்போது தெரிகிறது. அன்றைக்கு நான் அடித்தது அந்த நாலு வரியைத்தான்.

"அவங்க சொன்னதாலதான் குடுக்கறேன்னு போட்டிருந்தனேக்கா... அத்த இன்னாத்துக்கு அடிச்சீங்க?"

"குத்திக் காட்டற மாதிரி இருக்கு எஸ்தர். போற எடத்துல கசப்போட போகக் கூடாது. நாளைக்கு சர்டிபிகேட் வேணும்ல?"

"இஷ்டமில்லன்றது?"

"அதெல்லாம் லெட்டர்ல எழுத மாட்டாங்கம்மா."

படித்தவள் சொன்னால் சரியாகத்தான் இருக்கும் என்று எஸ்தர் நினைத்திருப்பார். நான் எழுதினேன். 'என் சொந்தக் காரணங்களுக்காக, என் முழு விருப்பத்தோடு விலகுகிறேன்' என்று ஆரம்பித்தேன். நிர்வாகம் காட்டிய பரிவுக்கு ஆழ்ந்த நன்றி, இந்தப் பதினாலு வருஷத்தை என்றும் போற்றுவேன், உங்கள் மீது நான் வைத்திருக்கும் உயர்ந்த மதிப்பு... ஒரு பக்கம். ஒரு காற்புள்ளிகூடத் தவறவில்லை. எஸ்தர் எழுத்துக் கூட்டிப் படித்துவிட்டு, "இவ்ளோ அழகா கீதேக்கா!" என்றார். கையெழுத்துப் போட்டார். அவருடைய நோட்டுப் பேப்பரைக் கசக்கிக் குப்பைக்கூடையில் போட்டேன்.

பத்து நாள் கழித்துத் திரும்பி வந்தார். முகமே சரியில்லை. லாண்டரியில் மூன்று பேர் லெட்டர் கொடுக்கவே மாட்டோம் என்று நின்றுவிட்டார்களாம்.

"அவங்க மூணு பேரும் இன்னும் வேலைக்கு போய்கினு கீறாங்கக்கா. கிச்சனுக்கு மாத்திட்டாங்களாம். நான்தான் குடுத்துட்டு வந்து வூட்ல குந்திகினு கீறேன்."

அதற்குப் பிறகுதான் தொழிலாளர் அலுவலகத்தில் மனு கொடுத்தது. வேலை திரும்ப வேண்டும் — எஸ்தர் கேட்டது அது ஒன்றுதான். செவ்வாய்க்கிழமை சமரசப் பேச்சு. துணைக்கு நானும் போனேன். ரிசார்ட் பக்கத்திலிருந்து அந்த எச்.ஆர். இளைஞர் வந்திருந்தார். மரியாதையான பிள்ளை, எங்களுக்கு நாற்காலி இழுத்துப் போட்டார். பிறகு ஃபைலைத் திறந்து, என் லெட்டரைப் படித்தார்.

"மேடம், கட்டாயப்படுத்தினா யாராவது இப்படி எழுதுவாங்களா?" என்று அதிகாரி அம்மாவைப் பார்த்துக் கேட்டார். நியாயமான கேள்விதானே?

"இது உங்க கையெழுத்துதானேம்மா?" என்றார் அதிகாரி.

"ஆமாங்க மேடம்."

"கட்டாயத்துலதான் குடுத்தேன்னு சொல்றீங்க. அப்ப ஏன் விருப்பத்தோடன்னு எழுதினீங்க?"

எஸ்தர் தலையைக் குனிந்துகொண்டார். 'இதோ, இந்த அக்காதான் எழுதினது' என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. என்னைக் காட்டிக்கொடுக்கக் கூடாதாம்! அதைப் பார்த்துக்கொண்டு என்னால் உட்கார முடியவில்லை.

"நான் எழுதினது மேடம். இவங்க எழுதிக்கிட்டு வந்தது வேற. 'நீங்க சொன்னதாலதான் குடுக்கறேன், எனக்கு இஷ்டமில்ல'ன்னு இருந்துது. நான்தான் அடிச்சுட்டேன்."

அதிகாரி என் பக்கம் திரும்பினார். "அந்தப் பேப்பர் இருக்கா?"

"இல்ல மேடம்."

"அந்த ஒரு வரி இந்த லெட்டர்ல இருந்திருந்தா இவங்களுக்காக நான் பேசறதுக்கு இடம் இருந்திருக்கும்..." என்று நிறுத்தினார். கோபமெல்லாம் இல்லை. சலிப்புதான். "நீங்க சொன்னத எழுதிக்கறேன். ஆனா கையெழுத்து போட்ட லெட்டர் முன்னாடி இது எவ்வளவு நிக்கும்னு தெரியல."

அடுத்த தேதி கொடுத்தார்கள். எச்.ஆர். இளைஞர் எழுந்து, எல்லோருக்கும் 'தேங்க் யூ' சொல்லிவிட்டுப் போனார்.

இருபத்தாறு வருஷம் நன்றி எழுதியவள் கண்டுபிடித்தது இது: எஜமான் எழுதுகிற நன்றியில் பொய் இருந்தால் அவருக்கு ஒன்றும் ஆகாது. அதே பொய்யை வேலைக்காரர் எழுதினால், அவர் தலையிலேயே விடிகிறது. நான் கற்றதெல்லாம் எஜமான் இங்கிலீஷ். அதைக் கொண்டுபோய் எஸ்தர் பெயரில் எழுதிவிட்டேன். வார்த்தைகளெல்லாம் சரி. சொன்ன ஆள்தான் மாறிப்போச்சு.

பஸ் ஸ்டாண்டு வரை சேர்ந்து நடந்தோம். நாவலூரில் ஒரு அபார்ட்மென்ட்டில் ஆள் கேட்கிறார்களாம், இப்படியே போய்ப் பார்த்துவிட்டு வருகிறேன் என்றார் எஸ்தர். அங்கேயும் பழைய இடத்து சர்டிபிகேட் கேட்பார்கள். ரிசார்ட் இன்னும் தரவில்லை; கேஸ் முடியட்டும் என்கிறார்களாம். நான் மன்னிப்புக் கேட்க வாயெடுத்தேன். அதற்குள் பஸ் வந்துவிட்டது.

படியில் ஏறிய எஸ்தர் திரும்பி என் கையைப் பிடித்துக்கொண்டார். "எனக்கோசரம் அந்த ஆபீஸ்ல வந்து குந்திகினு, நான்தான் எழுதுனேன்னு சொன்னீங்களே... யார்க்கா சொல்லுவா? ரொம்ப தாங்க்ஸ்கா."

ஒரு பிழையும் இல்லாத நன்றி அது. வாங்கிக்கொள்ளத்தான் எனக்கு யோக்கியதை இல்லை.